கம்பிச் சிற்பத்துக்கு அபாக்கா ஈரக்கூழ்: வாங்கும் முன்

சிற்ப வேலைக்கென்று கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் காகிதக் கூழ் கிடைக்கிறது. ஒன்று, அட்டையாக வரும் பருத்தி லிண்டர், அதாவது பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை நார். மற்றொன்று, வாளியில் வரும் அரைத்த அபாக்கா ஈரக்கூழ். கம்பிச் சட்டகத்தின் மேல் தாள் போர்த்துவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அபாக்காதான். லிண்டரின் நார் குட்டை. கம்பிக்குக் கம்பி இடைவெளியில் தொய்ந்து கிழியும்.

அபாக்கா வாழை இனம், நார் நீளம். காகிதக் கூழ் அரைக்கும் ஹாலண்டர் இயந்திரத்தில் மணிக்கணக்கில் அரைபடும்போது நாரின் மேற்பரப்பு பிசிறு பிசிறாகப் பிரிந்து தண்ணீரை ஏராளமாகப் பிடித்துக்கொள்ளும். காயும்போது அந்தத் தண்ணீர் போகப் போக நார்கள் ஒன்றையொன்று இழுத்து இறுகி, தாள் மேளத்தோல் போல விறைக்கும். மிக்ஸியால் இது ஆகாது. அது நாரை வெட்டும், பிசிறாக்காது. அதனால்தான் அரைத்த கூழுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

வாங்கும்போது இரண்டு கேள்வி. எத்தனை மணி நேரம் அரைத்தது? ஒன்றிரண்டு மணி நேரக் கூழ் மெத்தென்று, ஒளி ஊடுருவாமல் காயும். 6 முதல் 8 மணி நேரம் அரைத்ததில்தான் வெளிச்சம் ஊடுருவும். அடுத்து, வாளியில் உலர்நார் எவ்வளவு? மொத்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

நன்றாக அரைத்த கூழ், தாள் வார்க்கும் சல்லடையில் மெதுவாகத்தான் வடியும். அவசரப்பட்டு உலுக்கினால் தாளில் ஓட்டை விழும். பிழிந்த தாளை ஈரத்தோடு போர்த்தி, ஓரத்தைக் கம்பியைச் சுற்றி மடித்து, 1 செ.மீ. தாளோடு தாளாக ஒட்டுங்கள். பசை அநேகமாகத் தேவைப்படாது. சுருங்கும் விசை மெல்லிய கம்பியை வளைத்துவிடும், மூட்டுகளை நகர்த்திவிடும். மூட்டை நூலால் இறுகக் கட்டுங்கள். இரும்புக் கம்பி துருக்கறை விடும், பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. ஹீட்டர் முன் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து உருவமே முறுக்கிக்கொள்ளும்.

பிளாஸ்டர் அச்சில் வார்ப்பதற்கு மட்டும் லிண்டரே மேல். சுருக்கம் குறைவு, நுண்ணிய வரிகூட அப்படியே பதியும். இரவு முழுக்க ஊறவைத்து மிக்ஸியில் அரை நிமிடம் அடித்தால் போதும். சிறிது மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரில் கரையும் ஒரு பசை) கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுக்க வேண்டும். அபாக்காவோ அச்சை விட்டு விலகிக் கோணும்.

திறந்த வாளியைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், வெளியில் புளித்து நாறும். மிஞ்சிய கூழைத் துணியில் வடிகட்டுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.