தனி ஆளா, பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா: தொழில் படுத்தா கடன் யார் தலைல விழும்?

சின்னதா ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறவங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "எதுல டாக்ஸ் கம்மி"ன்னு தான். கேக்க வேண்டிய கேள்வி தான், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. தொழில் படுத்துருச்சுன்னா கடன் குடுத்தவங்க எதுவரைக்கும் கை வைக்கலாம், தொழில்ல கிடக்குற சரக்கோட நின்னுருவாங்களா, இல்ல உங்க வீடு, நகை, சேமிப்புன்னு உள்ள வரலாமா? கூடவே இன்னொண்ணு, ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்சா ஒருநாள் பிரியிற நிலைமை வந்தா யாருக்கு என்ன கிடைக்கும்? இந்த ரெண்டு கேள்வியையும் கையில வச்சுக்கிட்டு தனி உரிமை, பார்ட்னர்ஷிப், எல்எல்பி (Limited Liability Partnership, பார்ட்னரோட பொறுப்புக்கு எல்லை போட்ட பார்ட்னர்ஷிப்), லிமிடெட் கம்பெனி நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். நாட்டுக்கு நாடு சட்டத்தோட பேரும் ஃபாரமும் மாறும், உள்ள ஓடுற லாஜிக் கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

தனி உரிமை

இதுல நீங்களும் தொழிலும் சட்டத்துக்கு ஒரே ஆள். அழகா ஒரு பேர் வச்சு போர்டு மாட்டினாலும் அந்தப் பேருக்குப் பின்னாடி நிக்கிறது நீங்க தான், அதனால தொழில் வாங்கின கடனும் உங்க கடன், தொழில் மேல போடுற கேஸும் உங்க மேல போட்ட கேஸ். ஆரம்பிக்கிறது சுலபம், மூடுறதும் சுலபம், வருஷா வருஷம் கம்பெனி ரிஜிஸ்ட்ராருக்கு கணக்கு அனுப்புற வேலை கிடையாது. ஆனா உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா தொழில் தானா தொடராது, லைசென்ஸ்லேர்ந்து ஒப்பந்தம் வரைக்கும் வாரிசு புதுசா எடுக்க வேண்டியிருக்கும். வெளியாள் பணம் போடணும்னாலும் பங்குன்னு ஒண்ணு இல்லாததால கடனா தான் வாங்க முடியும்.

ட்யூஷன், எழுத்து, டிசைன் மாதிரி கடன் வாங்காம ஒத்த ஆளா செய்யிற வேலைக்கு இது தாராளமா போதும்ங்கிறது என் கருத்து. ஏன்னா நீங்களே உங்க கையால செஞ்ச கவனக்குறைவுல ஒருத்தருக்கு அடிபட்டா கம்பெனி வச்சிருந்தாலும் உங்க மேல தனியா கேஸ் போடலாம், அங்க காப்பாத்தறது இன்சூரன்ஸ் தான். கடனுக்கு சரக்கு எடுக்குறீங்க, ஆள் வச்சு வேலை வாங்குறீங்க, உங்க பொருளால யாருக்காவது கெடுதல் வரலாம்னா அப்போ தனி உரிமைல உக்காந்திருக்கிறது ரிஸ்க்.

பார்ட்னர்ஷிப்

நாலுல எனக்கு ரொம்ப பயமா இருக்கிறது இது தான், அதுவும் பேப்பர் இல்லாத பார்ட்னர்ஷிப். காரணம், இது உருவாக ஒரு கையெழுத்து கூட தேவையில்ல. இங்கிலாந்தோட 1890 பார்ட்னர்ஷிப் சட்டத்துல லாபம் பாக்குற எண்ணத்தோட ரெண்டு பேர் சேர்ந்து தொழில் நடத்தினாலே அது பார்ட்னர்ஷிப், இந்தியாவோட 1932 சட்டமும் மலேசியாவோட 1961 சட்டமும் அந்த வழில வந்தது தான். அதாவது "நாங்க சும்மா ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து பண்றோம், பார்ட்னர்லாம் இல்ல"ன்னு நீங்க சொல்லிக்கிட்டு இருக்கும்போதே, வர்ற லாபத்த பிரிச்சுக்கிட்டு கஸ்டமர்கிட்ட ரெண்டு பேரும் முதலாளியா பேசிக்கிட்டு இருந்தா கோர்ட் உங்கள பார்ட்னர்னு தீர்மானிச்சிரலாம்.

அப்புறம் என்ன நடக்கும்னா, நீங்க எதையும் எழுதி வைக்காததால சட்டமே தன்னோட விதிகள உள்ள கொண்டு வந்து போடும். லாபம் சமமா பிரியும், ஒருத்தர் முக்கால்வாசி பணம் போட்டிருந்தாலும் சரி, நஷ்டமும் அதே மாதிரி சமம். ராத்திரி பகலா உழைச்சவருக்கு தனியா சம்பளம் கிடையாது. மூணு பேர்ல ரெண்டு பேர் சேர்ந்து மூணாவது ஆள வெளிய அனுப்ப முடியாது, அப்படி ஒரு அதிகாரம் முன்னாடியே ஒப்பந்தத்துல இருந்தா தான் உண்டு. காலக்கெடு இல்லாத பார்ட்னர்ஷிப்னா யாராவது ஒருத்தர் நோட்டீஸ் குடுத்தாலே கலைஞ்சிரும், ஒருத்தர் இறந்துட்டாலும் கலைஞ்சிரும். இது எல்லாத்தையும் மாத்தி எழுதிக்க சட்டம் இடம் குடுக்குது, எழுதினா போதும், ஆனா எழுதறவங்க கம்மி, ஏன்னா நல்லா பழகின ஆள்கிட்ட போய் "நாம பிரிஞ்சா என்ன பண்றது"ன்னு கேக்க கூச்சமா இருக்கு. அந்தக் கூச்சத்தால எத்தனை வருஷப் பழக்கம் கோர்ட் வாசல்ல முடியுதுன்னு பாக்கும்போது நிஜமாவே வருத்தமா இருக்கும்.

வெளியாள் விஷயத்துல இன்னும் மோசம். ஒரு பார்ட்னர் தொழிலுக்குன்னு சொல்லி கடனுக்கு சரக்கு எடுத்தா உங்களுக்குத் தெரியாம எடுத்திருந்தாலும் அந்தக் கடன் உங்க மேலயும் விழும், அவர்கிட்ட ஒண்ணும் இல்லன்னா முழுசையும் உங்ககிட்டயே வசூல் பண்ணலாம். இந்தியாவுல கூடுதலா ஒண்ணு இருக்கு, ஃபர்ம ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்ல, ஆனா அந்த 1932 சட்டத்தோட 69-வது பிரிவு படி ரிஜிஸ்டர் ஆகாத ஃபர்ம் ஒப்பந்தத்த வச்சு வெளியாள் மேல கேஸ் போட முடியாது, வெளியாள் மட்டும் உங்க மேல போடலாம். பில் பாக்கி வச்சுட்டுப் போனவர துரத்தணும்னு நெனைக்கும்போது தான் பல பேருக்கு இது தெரிய வருது.

அதனால பார்ட்னர்ஷிப் தான்னு முடிவு பண்ணா லாபப் பங்கு, யார் முழு நேரம், யாருக்கு மாசச் சம்பளம், எவ்வளவு ரூபாய்க்கு மேல ரெண்டு கையெழுத்து வேணும், ஒருத்தர் விலகினா அவர் பங்குக்கு எப்படி விலை போடறது, இறந்துட்டா குடும்பத்துக்கு என்ன, விலகினவர் உடனே எதிர்ல அதே தொழில் தொடங்கலாமா, சண்டை வந்தா யாரு தீர்த்து வைக்கிறது, இத்தனையும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கிற காலத்துலயே எழுதிருங்க.

எல்எல்பி

இது பிறந்த கதைய பாத்தாலே எதுக்குன்னு புரிஞ்சிரும். அமெரிக்காவுல 80-கள்ல சேமிப்பு வங்கிகள் வரிசையா விழுந்தப்போ அதுக்கு வேலை பாத்த வக்கீல், ஆடிட்டர் ஃபர்ம்கள் மேல கேஸ் வந்துச்சு, அந்த வேலைல கையே வைக்காத பார்ட்னர் சொத்துக்கும் ஆபத்து வந்துச்சு. அந்தப் பிரச்சனைக்குத் தீர்வா தான் 1991-ல டெக்சாஸ் எல்எல்பிய கொண்டு வந்துச்சு. இங்கிலாந்து 2000-லயும், சிங்கப்பூர் 2005-லயும், இந்தியா 2008-லயும், மலேசியா 2012-லயும் தங்களுக்கு ஏத்த மாதிரி சட்டம் போட்டுக்கிட்டாங்க. இந்த நாலு நாட்டுலயும் எல்எல்பி சட்டத்துக்கு பார்ட்னர்கள விட்டுத் தனியான ஒரு ஆள் மாதிரி, இன்னொரு பார்ட்னரோட தப்பு உங்க வீடு வரைக்கும் வராது, உங்க சொந்தத் தப்பு வரும்.

சேவைத் தொழில் பண்ற ரெண்டு மூணு பேருக்கு நான் இதத்தான் சொல்லுவேன். ஆனா கவனம், ஒப்பந்தம் எழுதலன்னா இங்கயும் சமப் பங்கு விதி வந்து உக்காந்துரும். முதலீட்டாளர் பணம் எதிர்பாக்குறீங்கன்னா அவங்க பங்கு கேப்பாங்க, எல்எல்பி அதுக்குத் தோதுப்படாது.

லிமிடெட் கம்பெனி

இங்க எல்லாமே ஒரு செருப்புத் தொழில்காரர்லேர்ந்து ஆரம்பிக்குது. லண்டன்ல ஆரன் சாலமன்னு ஒருத்தர், பூட்ஸ் செய்யிறவர், 1892-ல தன் தொழில ஒரு கம்பெனியா மாத்துறாரு. அப்போ ஏழு பேர் இருந்தா தான் கம்பெனி, அதனால மனைவி, அஞ்சு பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, 20,007 பங்குல மீதி 20,001 இவர்கிட்ட. கூடவே தொழில வித்த விலைல 10,000 பவுண்டுக்கு கம்பெனி சொத்து மேல அடமானக் கடன் பத்திரமும் வாங்கிக்கிறாரு. சீக்கிரமே கம்பெனி விழுந்துருச்சு, மத்த கடன்காரங்க "இது வெறும் வேஷம், கம்பெனின்னா சாலமன் தான், அவரே கட்டட்டும்"னு போனாங்க. கீழ் கோர்ட்டுகள் அதை ஏத்துக்கிச்சு, அப்போ இங்கிலாந்தோட உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை ஏத்துக்கல. சட்டப்படி பதிவான கம்பெனி அவர விட்டுத் தனியான ஒரு ஆள் மாதிரி, அதோட கடன் சாலமன் கடன் இல்லன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. 1897 வழக்குன்னு சட்டம் படிக்கிற எல்லாருக்கும் முதல்ல சொல்லித் தர்றது இது தான், இன்னிக்கு அந்த ஏழு பேர் கூட தேவையில்ல, பல நாட்டுல ஒத்த ஆளே கம்பெனி வைக்கலாம், இந்தியாவுல 2013 சட்டம் அதுக்கு வழி பண்ணுச்சு.

ஆனா "கம்பெனி வேற, நான் வேற"ங்கிறது உங்களுக்கு வசதியா இருக்கும்போது மட்டும் வேற இல்ல, எப்பவுமே வேற. அயர்லாந்துல மகாராங்கிறவர் தன் மரக்கட்டைய எல்லாம் தன்னோட கம்பெனிக்கு வித்துட்டாரு, இன்சூரன்ஸ் மட்டும் தன் பேர்லயே இருந்துச்சு. தீப்பிடிச்சு அத்தனையும் எரிஞ்சு போச்சு. 1925-ல தீர்ப்பு வந்துச்சு, மரம் கம்பெனியோடது, உனக்கு அதுல இன்சூரன்ஸ் எடுக்குற உரிமையே இல்ல, ஒரு பைசா கிடையாதுன்னு. இதே விதி நியூசிலாந்துல ஒரு குடும்பத்த காப்பாத்துச்சு. வயல்களுக்கு விமானத்துல உரம் தூவுற கம்பெனி நடத்தின லீ, 3,000 பங்குல 2,999 அவரோடது, டைரக்டரும் அவர் தான், சம்பளத்துக்கு விமானம் ஓட்டுறதும் அவர் தான். 1956-ல விமானம் விழுந்து இறந்துட்டாரு. "முதலாளியே எப்படி தொழிலாளி ஆவாரு"ன்னு வாதாடினாங்க, கம்பெனி வேற ஆள்ங்கிறதால அவர் அதுக்கு தொழிலாளி தான்னு முடிவாகி மனைவிக்கு இழப்பீட்டு உரிமை கிடைச்சுது. கம்பெனி அக்கவுன்ட்லேர்ந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கிறவங்க, கம்பெனி வண்டிய தன் பேர்ல இன்சூர் பண்றவங்க தயவுசெஞ்சு மகாரா கதைய ரெண்டாவது தடவை படிங்க.

ஏமாத்துறதுக்குன்னு கம்பெனி வச்சா கோர்ட் கம்பெனிங்கிற திரைய விலக்கி பின்னாடி இருக்கிற ஆளயே பிடிக்கும். பழைய முதலாளியோட கஸ்டமர இழுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, மனைவியையும் இன்னொருத்தரையும் பங்குதாரரா போட்டு கம்பெனி தொடங்கி அதையே செஞ்ச ஹார்ன்ங்கிறவர 1933-ல இங்கிலாந்து கோர்ட் கம்பெனியோட சேர்த்தே தடுத்துருச்சு. அதே மாதிரி கம்பெனி தேறாதுன்னு தெரிஞ்சும் கடன் வாங்கிக்கிட்டே போன டைரக்டர் தன் கைக்காச போட வேண்டி வரலாம்னு இங்கிலாந்தோட 1986 திவால் சட்டம் சொல்லுது, ஜெர்மனில பணம் கட்ட முடியாத நிலை வந்தா அதிகபட்சம் மூணு வாரத்துக்குள்ள திவால் மனு குடுத்தாகணும்.

ஜாமீன் கையெழுத்து

கம்பெனி தொடங்க இப்போ பெருசா முதல் தேவைப்படறதில்ல. ஜெர்மனில வழக்கமான லிமிடெட் கம்பெனிக்கு 25,000 யூரோ வேணும், 2008-லேர்ந்து ஒரு யூரோல தொடங்குற சின்ன வகையும் வந்துருச்சு, இந்தியாவும் 2015-ல குறைந்தபட்ச மூலதனத்த எடுத்துருச்சு. உள்ள காசே இல்லாத கம்பெனிய நம்பி பேங்க் எப்படி கடன் குடுக்கும்? அதனால டைரக்டர்கிட்ட பர்சனல் கேரண்டி, அதாவது கம்பெனி கட்டலன்னா நானே கட்டுறேன்ங்கிற ஜாமீன் கேக்குது, கடையோ ஆபீஸோ வாடகைக்கு விடறவரும் கேக்கலாம். அதுல கையெழுத்து போட்ட நிமிஷமே அந்தக் கடன் அளவுக்கு கம்பெனி, தனி உரிமை ரெண்டுக்கும் வித்தியாசம் போயிருது. சப்ளையர் பாக்கி, கஸ்டமர் போடுற கேஸ் இதுக்கெல்லாம் பாதுகாப்பு இன்னும் இருக்கும், ஆனா பெரிய கடன் அந்த ஒரு கையெழுத்துல உங்க வீட்டுக்கு வந்துருது. முடிஞ்ச வரைக்கும் தொகைக்கு உச்சவரம்பு, கால வரம்பு கேளுங்க, நீங்க கம்பெனிய விட்டு விலகினா ஜாமீனும் விலகுமான்னு எழுத்துல வாங்குங்க, பங்க வித்துட்டாலும் ஜாமீன் தானா போகாது.

இன்னும் சில கேள்விகள்

ஆள் சேக்குறதுல சம்பள ஆளா, ஃப்ரீலான்சரான்னு கேப்பாங்க. ஃப்ரீலான்சர்னு தாள்ல எழுதிட்டா தப்பிச்சோம்னு நெனைக்கிறது தப்பு, நேரம், விலை, வேலை செய்யிற முறை எல்லாத்தையும் யாரு கட்டுப்படுத்துறாங்கன்னு தான் பல நாட்டு கோர்ட் பாக்கும், 2021-ல இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட் ஊபர் டிரைவர்கள தொழிலாளர்னு சொன்னது அப்படித்தான். இன்னொரு பக்கம் ஃப்ரீலான்சர் போட்டுக் குடுத்த லோகோ, எழுதின சாஃப்ட்வேர் கோடு, இதோட காப்புரிமை எழுத்துல மாத்தி வாங்கலன்னா பெரும்பாலும் அவர்கிட்டயே தங்கிரும், சம்பள ஆள் வேலைல செஞ்சது முதலாளிக்கு.

பேரு விஷயம் சுருக்கமா: கம்பெனி பேர் பதிவு வேற, டிரேட்மார்க் வேற. ரிஜிஸ்ட்ரார் பேர் குடுத்துட்டாருன்னா அந்தப் பேர்ல பொருள் விக்க உங்களுக்கு மட்டும் உரிமைன்னு அர்த்தம் இல்ல, போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தேடிருங்க.

டாக்ஸ் நாட்டுக்கு நாடு, வருஷத்துக்கு வருஷம் மாறுது, அதுக்கு உங்க ஆடிட்டர் தான். பொதுவா தனி உரிமைல லாபம் உங்க வருமானமா கணக்காகும், கம்பெனி தனியா வரி கட்டும், நீங்க அந்த லாபத்த டிவிடெண்டா (பங்குதாரருக்குப் பிரிச்சுக் குடுக்குற லாபமா) எடுக்கும்போது இன்னொரு தடவை வரி வரலாம்.

எனக்கு யாராவது கேட்டா இப்படித்தான் சொல்லுவேன்: ஒத்த ஆள், கடன் இல்ல, ஆபத்து கம்மின்னா தனி உரிமை, நல்ல இன்சூரன்ஸ். சேவைத் தொழில், ரெண்டு மூணு பேர்னா எல்எல்பி. சரக்கு, ஆட்கள், முதலீடு வரப்போகுதுன்னா கம்பெனி. சாதா பார்ட்னர்ஷிப்ப எழுத்து இல்லாம யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பெனில ரெண்டு பேர் 50-50 போடறதா இருந்தா முட்டிக்கிட்டு நிக்கும்போது யார் சொல்றது செல்லும்னு பங்குதாரர் ஒப்பந்தத்துல எழுதுங்க, இல்லன்னா ஒரு தீர்மானமும் நிறைவேறாம கம்பெனி அப்படியே நின்னுரும். இந்தியாவுலயும் இங்கிலாந்துலயும் பெரிய முடிவுகளுக்கு முக்கால் பங்கு ஓட்டு வேணும், அதனால கால் பங்குக்கு மேல வச்சிருக்கிறவர் அதைத் தடுக்கலாம், பங்கு பிரிக்கும்போது இந்த கால் பங்கு கோட்ட மனசுல வச்சுக்கோங்க. பங்க முதல் நாளே மொத்தமா குடுக்காம நாலஞ்சு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா உறுதியாகுற மாதிரி எழுதினா ஆறே மாசத்துல விட்டுட்டுப் போனவர் பாதி கம்பெனியோட போக மாட்டாரு.