டெட்ராய்ட்டா, பேப்பர்ஸ் ப்ளீஸா: எதை முதலில் ஆடலாம்?

ஒடுக்குமுறை ஆட்சி, பயந்து வாழும் ஜனங்கள் என்று கொஞ்சம் இருண்ட கதையுள்ள கேம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு பேப்பர்ஸ் ப்ளீஸுக்குத்தான். அதற்காக டெட்ராய்ட் பிகம் ஹியூமனை ஒதுக்கிவிட வேண்டாம், அதில் சில இடங்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.

டெட்ராய்ட் 2018ல் வந்தது, கதை நடப்பது 2038ல். கானர், காரா, மார்கஸ் என்று மூன்று ஆண்ட்ராய்டுகளை, அதாவது மனிதர்களைப் போலவே இருக்கும் ரோபோக்களை, மாறி மாறி நாம் நடத்துகிறோம். முதல் காட்சியிலேயே, சிறுமி ஒருத்தியைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும் வீட்டுக்குள் கானர் நுழையும்போது, உடைந்த தொட்டியிலிருந்து விழுந்த மீன் ஒன்று தரையில் துடித்துக்கொண்டிருக்கும். எடுத்துத் தண்ணீரில் விடலாம், தாண்டியும் போகலாம். சிறுமியை மீட்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கானர் எப்படிப்பட்டவன் என்று அங்கேயே நாம் முடிவு செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டு என்றாலே வெறுக்கும் போலீஸ்காரர் ஹாங்க்கோடு அவன் போகும் பகுதிதான் மொத்த கேமிலும் உசத்தி. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்தபின் நாம் எந்த வழியில் வந்தோம், எதைத் தவறவிட்டோம் என்று வரைபடமாகக் காட்டுவதும் அருமை.

குறை எங்கே என்றால், ஆண்ட்ராய்டுகளின் உரிமைக்காகப் போராடும் மார்கஸ் கதையில். பஸ்ஸில் ஆண்ட்ராய்டுகளுக்குப் பின்பக்கம் தனி இடம் என்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள், இது தப்பு, இவர்கள் பாவம் என்று ஒவ்வொரு காட்சியும் நமக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. யார் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகமே வருவதில்லை.

பேப்பர்ஸ் ப்ளீஸில் நாம் நிற்பதே ஆட்சியின் பக்கம்தான். லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்து 2013ல் வெளியிட்ட கேம் இது. 1982, ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. சரியாக முடித்த ஆளுக்கு 5 கிரெடிட் (கேமுக்குள் இருக்கும் பணம்) கூலி, தப்பு விட்டால் ஒரு நாளைக்கு இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் மாமன் மகன் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "மச்சான், இதுல வர்றவன் மூஞ்சியப் பார்க்கவே நேரமில்லீங்களே" என்றான். கேம் சொல்ல வருவதும் அதைத்தான்.

ஒரு கணவன் வருவான், எல்லாத் தாளும் சரியாக இருக்கும். பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பான். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இருக்காது. உள்ளே விட்டால் நமக்கு எச்சரிக்கை வரும், அன்று ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தால் கூலியும் போகும். அந்தக் கூலியில் கேமில் வரும் நம் மகனுக்கு மருந்து வாங்க வேண்டியிருக்கும் நாளில் நான் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொடுங்கோல் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை டெட்ராய்ட்டின் எந்த ஊர்வலக் காட்சியும் எனக்கு இவ்வளவு புரியவைக்கவில்லை.

இதற்கும் குறை உண்டு. பின்பாதியில் தாள்கள் சேர்ந்துகொண்டே போகும், அந்தச் சின்ன மேஜையில் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துப் பார்த்துக் கண் வலித்துவிடும். ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கும் ரகசிய அமைப்பு சீட்டு கொடுத்துவிட்டுப் போகிறதே தவிர, அவர்கள் யார், என்ன வேண்டும் என்பது மனதில் ஒட்டுவதில்லை. இல்லாத நாட்டின் பெயரில் கையால் வரைந்த பாஸ்போர்ட்டை நீட்டும் ஜோர்ஜி தாத்தா மட்டும் இல்லாவிட்டால் சில நாட்கள் ரொம்ப வறட்சி.

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க, ஆளுக்கொரு முடிவு சொல்ல, டெட்ராய்ட் நல்லது. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், டவுன்லோடும் பெரிது. பேப்பர்ஸ் ப்ளீஸ் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். 2022ல் போனுக்கும் வந்துவிட்டது, ஆனாலும் முதல் தடவை மவுஸ் வைத்து ஆடுங்கள்.