பழைய கம்ப்யூட்டரில் நெட் மந்தமா: லைனை ஏற்றுவதா, கேபிள் போடுவதா?

டர்பன் பக்கம் ஒரு வீட்டில் நெட் மந்தமானால் முதலில் ஃபைபர் கம்பெனிக்குத்தான் போன் போகிறது. 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) லைன் 100 ஆகும், அப்புறம் 200 ஆகும். மாதாமாதம் ராண்ட் கூடுதலாகப் போகும், பின்னறையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் மட்டும் அப்படியே தவழும். என் கணக்கில் லைனை ஏற்றுவது கடைசி வழி. அதற்கு முன்னால் மலிவான வழிகள் பல இருக்கின்றன.

எதில் காசு போடுவது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். ரவுட்டர் பக்கத்தில் நின்று கைபேசியில் வேகம் பாருங்கள், அது முடிந்ததும் உடனே கம்ப்யூட்டரில் பாருங்கள். கைபேசியில் 48, கம்ப்யூட்டரில் 9 என்றால் லைன்மேல் குற்றமில்லை. இரண்டிலும் 9 என்றால்தான் கம்பெனியோடு பேச வேண்டும்.

கேபிளா வைஃபையா என்றால், பழைய கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் கண்ணை மூடிக்கொண்டு கேபிள் பக்கம். எவ்வளவு பழைய டெஸ்க்டாப்பிலும் பின்னால் ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கும். அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருந்தாலும் கைக்கு 94 வரை வரும். 50 லைனுக்கு அது தாராளம். லைனை 200 ஆக்கினாலும் அந்தப் போர்ட் 94க்கு மேல் தராது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும், கடைக்காரர் கேட் 8 என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம்.

வைஃபை ஏன் தோற்கிறது? பழைய ‘ஜி’ வகை வைஃபை கார்டில் 54 என்று எழுதியிருக்கும், கிடைப்பது இருபது சொச்சம். அடுத்து வந்த ‘என்’ வகையில் ஒற்றை ஆன்டெனா என்றால் 72 என்று காட்டும், அதில் 40 வந்தாலே பெரிசு. இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960களில் கட்டிய முனிசிபல் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். பக்கத்து வீடு, எதிர்வீடு, மேட்டு வீடு என்று எல்லா ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும்.

கேபிள் இழுக்க முடியாத வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் நல்ல இரண்டாம் இடம். நெரிசலிலிருந்து விடுதலை. ஆனால் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சோர்ந்துவிடும், முற்றம் தாண்டி இருக்கும் அவுட்பில்டிங்குக்கு அதை நம்ப வேண்டாம்.

மின்கம்பி வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் நம் ஊருக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. லோட்ஷெடிங் பழக்கத்தில் எல்லாவற்றையும் மின்சாரம் திடீரென எகிறினால் காக்கும் சர்ஜ் பிளக்கில்தான் சொருகுகிறோம், அது அந்தச் சிக்னலை வடிகட்டிவிடும். நேரே சுவர் பிளக்கில் சொருக வேண்டும். அவுட்பில்டிங்குக்குத் தனி டிபி போர்டு (மின்சாரம் பிரிக்கும் பெட்டி) இருந்தால் அதுவும் சந்தேகம்தான்.

கேபிள் போட்ட பிறகும் வீடியோ திக்கினால் ஆளே வேறு. அத்தை வீட்டில் காவடி நேரலை நின்று நின்று ஓடியது. “லைன் சரியில்லப்பா, பெரிசா மாத்திடலாமா?” என்றார். கம்ப்யூட்டரில் எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நெட்வொர்க் 4 எம்பிபிஎஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசஸர் 100 சதவீதத்தில் திணறுகிறது. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. அதைப் பிரிக்கும் வசதி பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சிப்புகளில் பெரும்பாலும் கிடையாது, எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழும். யூடியூபிடமிருந்து, பழைய சிப்பும் பிரிக்கத் தெரிந்த ஹெச்264 வடிவையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பிரவுசரில் போட்டேன், தரத்தை 720க்கு இறக்கினேன். காவடி ஓடியது. செலவு இல்லை. லைனை மாற்றச் சொல்லும் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி என்பது என் சந்தேகம்.

பக்கங்கள் திறக்கவே நேரமானால் ஹார்ட் டிஸ்கைப் பாருங்கள். சுழலும் டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் இருக்கும் மெஷினில் நாலு டேப் திறந்ததும் ராம் நிரம்பி, மீதி டிஸ்குக்குப் போகும். பார்க்கிறவருக்கு நெட் மந்தம் போலவே தெரியும். எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), ராம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். லைனை ஏற்றினால் மாதாமாதம் தண்டம், இது ஒருமுறைச் செலவு.

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய சிப்புகளை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம், மெஷின் லேசாகும். ஆனால் பிரவுசர் தின்கிற ராம் அங்கேயும் குறையாது. நெட் வேகத்துக்காக மட்டும் லினக்ஸுக்கு மாறுவது வீண் சிரமம், பாதுகாப்புக்காக என்றால் சரி.

அப்படியானால் லைனை எப்போது ஏற்றுவது? கேபிளில் பார்த்தபோது லைனின் முழு வேகமும் வந்து, சாயங்காலம் நாலு பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கும் வீட்டில் எல்லோருக்கும் திக்கினால் ஏற்றலாம். சென்னையிலிருந்து வரும் சீரியல் தளம் மட்டும் திக்கினால் ஏற்றாதீர்கள். அந்தத் தரவு கடலடிக் கேபிள் வழியாக வருகிறது, உங்கள் வீட்டு லைன் அந்தப் பயணத்தில் கடைசித் துண்டு மட்டுமே. வேகச் சோதனையில் டர்பன் சர்வருக்குப் பதில் மும்பை அல்லது சென்னை சர்வரைத் தேர்ந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எங்கே அடைக்கிறது என்பது தெரிந்துவிடும்.