ஆறு வருடம், ஒரு கைக்கருவி, சரியாக உட்காராத பிரைமர்கள்

டெக்சாஸில் வீட்டு கராஜின் ஒரு ஓரத்தில் மேசை போட்டு, .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாக்களை நானே மறுபடி நிரப்பிச் சுடத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இங்கே இது சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு. இந்தியாவில் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொடக்கூடாத வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை 4,000 பித்தளை உறைகளுக்கு மேல் பிரைமர் (ஊசி அடித்ததும் நெருப்பு கிளப்பும் சின்ன மூடி) ஏற்றியிருப்பேன். அதில் பெரும்பகுதி ஒரே கைப்பிடிக் கருவியில்தான். அந்தக் கருவியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் அதைத் திட்டிய பத்துத் தடவையில் எட்டுத் தடவை தப்பு பித்தளையில்தான் இருந்தது.

முதல் வருடம் நடந்தது இது. ரேஞ்சில் 50 தோட்டா சுட்டதில் மூன்று 'டிக்' என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டன. குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருந்தேன் (தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு). பிறகு போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தண்டு) திறந்து பார்த்தால் பிரைமரில் துப்பாக்கி ஊசி பட்ட தழும்பு நன்றாகவே விழுந்திருந்தது. அதே தோட்டாவை மறுபடி ஏற்றிச் சுட்டேன், வெடித்தது. மூன்றும் அப்படியே. 'பிரைமர் மட்டம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டு வேறு பிராண்டு வாங்கினேன். அதிலும் இரண்டு 'டிக்'.

முதல் அடியில் வெடிக்காதது இரண்டாம் அடியில் வெடித்தால், பெரும்பாலும் பிரைமர், உறையின் அடியில் அதற்கென்று இருக்கும் குழியின் தரைவரை போய் உட்காரவில்லை என்று அர்த்தம். பிரைமர் என்பது ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் வெடிமருந்துக் கலவை, அதன்மேல் கால்கள் வைத்த குட்டிப் பட்டடை ஒன்று. அந்தக் கால்கள் குழியின் தரையைத் தொட்டு லேசாக அழுந்தியிருக்க வேண்டும். அப்போதுதான் ஊசி அடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்கும். கால்கள் அந்தரத்தில் நின்றால் முதல் அடியின் வேகமெல்லாம் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். அதாவது, நான் மேசையில் செய்திருக்க வேண்டிய வேலையைத் துப்பாக்கி ஊசி செய்து கொடுத்திருக்கிறது.

என்னுடையது போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் வகை), அதனால் வெறும் எரிச்சலோடு போயிற்று. எம்1 கராண்ட், ஏஆர்-15 மாதிரி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், ஊசி தளர்வாக ஓடும் துப்பாக்கிகளில் கதை வேறு. போல்ட் முன்னால் வந்து மூடும்போதே ஊசி பிரைமரை லேசாகத் தட்டும். அங்கே துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர், விசையைத் தொடாமலே வெடித்துவிடலாம். எளிதில் வெடிக்காத, சிசிஐ 34, 41 போன்ற ராணுவ அளவுகோல் பிரைமர்களை அந்த வகைத் துப்பாக்கிக்காரர்கள் தேடி வாங்குவது இதற்காகத்தான்.

சரி, ஏன் உட்காரவில்லை? அந்த உறைகளில் பாதி ரேஞ்சில் பொறுக்கியவை. அடியில் எல்சி என்ற எழுத்தும், வருடத்தின் இரண்டு இலக்கமும், வட்டத்துக்குள் கூட்டல்குறி போட்ட நேட்டோ முத்திரையும் இருக்கும். மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸில் 1941-ல் தொடங்கிய லேக் சிட்டி தோட்டா ஆலையின் பித்தளை. ராணுவத்துக்குப் போகும் தோட்டாவில் பிரைமர் கழன்று விழுந்து துப்பாக்கி சிக்கிவிடக் கூடாது என்று, குழியின் விளிம்பை உள்பக்கமாக நசுக்கிப் பூட்டிவிடுவார்கள். கிரிம்ப் என்பது அதுதான். பழைய பிரைமரை அடித்து வெளியே தள்ளினாலும் அந்த உதடு அப்படியே நிற்கும். 0.210 அங்குலப் புதுப் பிரைமரை அதில் தள்ளினால் ஒன்று ஓரம் சீவப்படும், இல்லை சாய்ந்து நசுங்கும், இல்லை பாதியில் நின்று 'போதும்' என்று கைக்குப் பொய் சொல்லும். மூன்றாவதுதான் மோசம். கையில் இறுக்கம் தெரிகிறதே, தரை தட்டிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம்.

முதலில் கையில் பிடித்துத் திருகும் ரீமரால் அந்த உதட்டைச் சீவினேன். மலிவு. ஆனால் நாற்பதாவது உறைக்குமேல் கை சலித்து, சிலவற்றில் கூடுதலாகச் சீவிவிட்டேன். வாய் அகன்ற குழியில் பிரைமருக்கு ஓரப்பிடிப்பு இல்லாமல் போயிற்று. கிட்டத்தட்ட முப்பது உறை குப்பைக்கு. பிறகு ஸ்வேஜ் கருவி வாங்கினேன். இது உலோகத்தை வெட்டாது. உறையை உள்ளிருந்து ஒரு தண்டு தாங்கிக்கொள்ள, உருண்டை முனை உதட்டை ஒதுக்கித் தள்ளும். விலை அப்போது கண்ணைக் கட்டியது. 2020-21 தட்டுப்பாட்டில் கடை அலமாரியெல்லாம் காலியாகி, ஒவ்வொரு பிரைமரையும் எண்ணி எண்ணி எடுத்த நாட்களில் அது போட்ட காசை எடுத்துவிட்டது. ஓர் உறைக்கு ஒரே தடவை செய்தால் போதும்.

கிரிம்ப் இல்லாத உறையிலும் சில அடம்பிடித்தன. குழியின் அடி மூலை சதுரமாக இல்லாமல் வளைவாக இருந்ததுதான் காரணம். தரையைச் சமன்செய்யும் சின்ன வெட்டுக்கருவி ஒன்றால் சரியாயிற்று. ஒரு தடவை, உறைகளை ஈரத்தில் கழுவும் டிரம்மில் தேய்ப்பதற்காகப் போட்ட இரண்டு எஃகு ஊசிகள், பிரைமரின் நெருப்பு உள்ளே போகும் தீத்துளையில் ஜோடியாகச் சிக்கிக்கொண்டு, ஒரு மணிநேரம் தலையைப் பிய்க்க வைத்தன. இப்போது ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளை வழியாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இப்போது கருவிக்கு வருகிறேன். தோட்டா நிரப்பும் மேசை இயந்திரமான பிரஸ்ஸிலேயே வரும் பிரைமர் ஏற்றும் கையைவிட இந்தக் கைப்பிடிக் கருவி எனக்கு எவ்வளவோ மேல். பிரஸ்ஸின் நெம்புகோலுக்கு யானை பலம், உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியாது. இதில் விரல்கள் மூடும்போது முதலில் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு தரை தட்டுவது தெளிவாகத் தெரியும், அதற்குமேல் ஒரு துளி அழுத்தம். அந்த 'தட்'டைப் பழகிக்கொள்ள எனக்கு 500 உறை பிடித்தது. குறை: 200 உறை ஏற்றினால் மறுநாள் பேனா பிடிக்க முடியாது. உறையைப் பிடிக்கும் ஹோல்டரில் பித்தளைத் தூள் சேர்ந்தால் உறை சாய்ந்து, பிரைமர் கோணலாக ஏறும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும் அதற்கு.

நாலாவது வருடக் கடைசியில் திரும்பவும் பிரைமர்கள் மேலேயே நிற்க ஆரம்பித்தன. பித்தளை சுத்தம், ஸ்வேஜ் சுத்தம். என் கைமீதே சந்தேகம் வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் நெம்புகோல் திரும்பும் அச்சுமுனை தேய்ந்து, தள்ளும் தண்டு முழுத் தூரம் போகவில்லை. உறைகளை வரிசையாகக் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்திப் பார்த்ததில்தான் பிடிபட்டது. பிரைமர் உள்வாங்கியிருந்தால் உறை ஆடாமல் நிற்கும், துருத்தியிருந்தால் ஆடும். அளந்தால் பிரைமர் உறையின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும், நான் 0.004-ஐப் பிடித்துக்கொள்வேன். காலிப்பரின் ஆழக்கம்பியே போதும். ஆனால் தினசரிக்குக் கண்ணாடியும் விரல்நுனியும்தான். இதெல்லாம் வெடிமருந்து போடுவதற்கு முன்னால். மருந்தும் குண்டும் ஏறிய தோட்டாவில் பிரைமர் துருத்துவதைப் பார்த்தால் அழுத்தவே அழுத்தாதீர்கள். குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டுத்தான் மற்றது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள், பிரைமர் கலவையில் ஈயம் உண்டு.

எதிர்ப்பக்கச் சிக்கலும் இருக்கிறது. ஏழெட்டுத் தடவை சுட்ட உறையில் குழி தளர்ந்து, பிரைமர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியது போலப் போகும். சுகமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. அந்த உறையின் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். அழுத்தம் கூடுதலாக நிரப்பிச் சுட்டால் இது இன்னும் சீக்கிரம் வரும். பழைய லாட்டில் 22 உறையை இப்படித் தூக்கிப்போட்டேன்.

இப்போது மேசையில் திருகிவைக்கும் நெம்புகோல் கருவி ஒன்றுதான் முக்கிய வேலைக்கு. விரல் வலி இல்லை, உணர்வு கைப்பிடிக் கருவி அளவுக்கு இல்லாவிட்டாலும் முக்கால்வாசி இருக்கிறது. பழையதற்குப் புது அச்சு போட்டு வைத்திருக்கிறேன். இருபது, முப்பது உறைதான் வேண்டும் என்னும் சாயங்காலங்களில் அதைத்தான் எடுக்கிறேன், கூடவே அந்தக் கண்ணாடித் துண்டையும்.