ஹேட்ரியன் சுவர்: நாலு தடவை நடந்தபிறகு சொல்கிறேன், படிகள்தான் பிரச்சினை

போன வாரம் ஷூவுக்குப் புது சோல் போட்டு வாங்கி வந்தேன், 65 பவுண்டு. படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினால், ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹேட்ரியன் சுவரை ஒரே நாளில் நடந்து பார்க்க முடியுமா, அவ்வளவு நல்லாவா இருக்கும், பசங்களைக் கூட்டி வரலாமா என்று மூன்று கேள்விகள். ஆறு வருஷத்தில் நாலு தடவை அதே வழியில் போனவன் என்பதால் அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

இங்கிலாந்தின் வடக்கே கி.பி. 122-இல் ரோமானியர் கட்ட ஆரம்பித்த 117 கிலோமீட்டர் எல்லைச் சுவர், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை ஒட்டிக் கடலுக்குக் கடல் போகும் முழு நடைபாதை 84 மைல், அதற்கு ஒரு வார லீவு வேண்டும். நான் போவது நடுவில் ஒரு நாள் மட்டும். சோலர்ஃபோர்டிலிருந்து ஸ்டீல் ரிக் வரை, ஏறக்குறைய 12 மைல்.

முதல் பாதியைப் பற்றி நிறையப் பேர் குறை சொல்வார்கள். சுவரைப் பார்க்கப் போனால் சுவரையே காணோம், பக்கத்தில் கார்கள் பறக்கின்றன என்று. அது பெரும்பாலும் உண்மைதான். ஸ்காட்லாந்தில் கிளம்பிய 1745 ஜாகோபைட் கலகத்துக்குப் பிறகு படைகள் போக ஒரு சாலை போட்டார்கள், அதைச் சுவரின் அடித்தளத்தின் மேலேயே போட்டுவிட்டார்கள். நீங்கள் தேடுகிற சுவர் அந்தத் தாருக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் எனக்கு இந்தப் பாதியில் குறையே இல்லை. தரை சமம், முழங்கால் நிம்மதி, அப்புறம் லைம்ஸ்டோன் கார்னர் இருக்கிறது.

மொத்தச் சுவரிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். பெயரில் சுண்ணாம்புக் கல், கிடப்பது என்னவோ இரும்பு மாதிரி இறுகிய எரிமலைப் பாறை. சுவருக்கு வடக்கே அகழி வெட்டிக்கொண்டு வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பாறை ஒன்றில் ஆப்பு அடிக்கத் துளை போட்ட தடம் இன்றும் தெரிகிறது. துளை போட்டார்கள், பாறை அசையவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ ஒரு ஆள் உளியைக் கீழே போட்டு "போதும்டா சாமி" என்று உட்கார்ந்த இடம் அது என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் என் சோற்று டப்பாவை அங்கேதான் திறப்பேன். (தெற்குப் பக்கம் ஓடும் இன்னொரு பள்ளத்தை மட்டும் அதே பாறையில் வெட்டி முடித்திருக்கிறார்கள். அங்கே வேறு மேஸ்திரி போலிருக்கிறது.)

என் ஆத்திரமே இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கல் கடினம் என்று இங்கே விட்டவர்கள், மேற்கே செங்குத்துப் பாறை வந்தபோதும் விட்டிருக்கலாம் அல்லவா? சூயிங்ஷீல்ட்ஸ் தாண்டியதும் தரையே வடக்குப் பக்கம் பாறையாக அறுந்து விழுகிறது. அது தானாக நிற்கும் மதில். அதைப் பார்த்து அகழியை மட்டும் வெட்டாமல் விட்டார்கள், சுவரை விடவில்லை. பாறையின் விளிம்பு எங்கெல்லாம் ஏறி இறங்குகிறதோ அங்கெல்லாம் சுவரும் ஏறி இறங்குகிறது, அதை ஒட்டிப் போட்ட பாதையும் அப்படித்தான். இறங்கு, ஏறு, மறுபடி இறங்கு. கல்படிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று ஒரு சாண், அடுத்தது முழங்கால் உயரம், மழை பெய்திருந்தால் எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி. சுவர் மேலேயே நடந்துவிடலாமா என்றால் கூடாது. ஹவுஸ்ஸ்டெட்ஸ் ரோமானியக் கோட்டைப் பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் துண்டில்தான் அதற்கு அனுமதி.

அந்த ரோமானியருக்கு விதி என்றால் விதி. மைலுக்கு ஒரு குட்டிக் கோட்டை, இரண்டு கோட்டைக்கு நடுவே இரண்டு கோபுரம், இடம் எப்படி இருந்தாலும் சரி. 37-ஆம் மைல் கோட்டையில் வடக்கு வாசல் வளைவோடு கட்டியிருக்கிறார்கள், வெளியே காலை வைத்தால் சரிவு! பிறகு யாருக்கோ புத்தி வந்து அந்த வாசலைச் சுருக்கியிருக்கிறார்கள். பீல் கேப் பள்ளத்தில் கணக்கில் வராத கோபுரம் ஒன்றின் அடித்தளம் இருக்கிறது. விதிப்படி கட்டிய கோபுரங்களிலிருந்து அந்தப் பள்ளம் தெரியாமல் போயிருக்கும், அதற்காகக் கூடுதலாக ஒன்று. நம் ஊர் பொதுப்பணித் துறை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஹாட்பேங்க் பக்கத்திலிருந்து பார்த்தால் க்ராக் லாக் ஏரியும் அதன் மேல் நிற்கும் கரும்பாறையும், அந்த ஒரு பார்வைக்கே நாலு தடவை வந்திருக்கிறேன். சுவரின் அழகான துண்டுகளில் பல 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞர் நிலத்தை விலைக்கு வாங்கி, ஆள் வைத்துத் திரும்ப அடுக்கியவை என்று தெரிந்தபிறகும் அழகு குறையவில்லை. சிக்கமோர் கேப்பில் மட்டும் இப்போது நிற்கத் தோன்றுவதில்லை. அந்தப் பள்ளத்தில் தனியாக நின்ற பிரபலமான மரத்தை 2023 செப்டம்பரில் வெட்டினார்கள். அடுத்த வருஷம் அடிக்கட்டையில் துளிர் விட்டது, ஆனாலும் அந்த வளைவில் வானம் காலியாகத்தான் இருக்கிறது.

அதைத் தாண்டி பீல் க்ராக்ஸ். நாள் முழுக்க நடந்து கால் துவண்டபிறகு, கடைசியாக, அந்தச் செங்குத்துப் படிகளில் இறக்கம். போன தடவை என் சோல் வாய் பிளந்தது அங்கேதான். ஷூ நாடாவால் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன், கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பக்கத்து விண்டோலாண்டா ரோமானியக் கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதம் ஒன்றில் யாரோ ஒருவருக்குக் காலுறையும் இரண்டு ஜோடி செருப்பும் அனுப்பியதாக எழுதியிருக்கிறது. அன்று மாலை அந்த ஆள் மீது எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே நண்பனுக்குப் பதில்: ஐந்துக்கு இரண்டு. நடக்காதே. பசங்களை ஹவுஸ்ஸ்டெட்ஸுக்குக் காரில் கூட்டி வா, ரோமானியப் படைவீரர்கள் வரிசையாக உட்கார்ந்த கழிப்பறையைக் காட்டு, அவர்களுக்கு அது போதும். இல்லை, நடந்தே தீருவேன் என்றால் செப்டம்பரில் வா. நான் முழுசாக வர மாட்டேன், சொல்லிவிட்டேன். ஹவுஸ்ஸ்டெட்ஸிலிருந்து ஸ்டீல் ரிக் வரைக்கும் வேண்டுமானால் சேர்ந்துகொள்கிறேன், புது சோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.