பழைய காரின் ஹீட்டர் கேபிள்: ரெடிமேடா, நாமே வெட்டிச் செய்வதா?

பழைய காரில் டாஷ்போர்டில் இருக்கும் ஹீட்டர் லிவரையும், ஹீட்டருக்குப் போகும் சுடுநீரைத் திறந்து மூடும் வால்வையும் இணைப்பது ஒரு கேபிள்; உறைக்குள் ஓடும் ஒரு கம்பி. லிவர் இறுகிப்போன பிறகும் அழுத்தித் தள்ளினால், உள்ளே இருக்கும் கம்பி மடங்கிவிடும். அப்புறம் கேபிளை மாற்றத்தான் வேண்டும். அந்த மாடலுக்கென்றே வரும் கேபிளை வாங்கலாம். இல்லையென்றால் கம்பியும் உறையும் வாங்கி நாமே செய்யலாம்.

மாடலுக்கான கேபிளில் நீளம் சரியாக இருக்கும், முனைகளும் தயாராகவே வரும். ஆனால் பல பழைய கார்களுக்கு அது கிடைப்பதே பெரும்பாடு.

நாமே செய்வதில் எல்லாமே கம்பியில்தான் இருக்கிறது. இந்தக் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். சைக்கிள் பிரேக் கேபிள் போல இழைகள் முறுக்கிய கம்பி நன்றாக இழுக்கும், தள்ளினால் வளைந்துகொள்ளும். அதனால் விறைப்பான ஒற்றை எஃகுக் கம்பிதான் சரி. பழைய கேபிளைப் பக்கத்தில் நீட்டி வைத்து, உறையின் நீளத்தையும் இருபுறமும் வெளியே நிற்கும் கம்பியின் நீளத்தையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். பிளையரால் முனையை வளையமாக்கும்போது, அது லிவரிலும் வால்விலும் இருக்கும் சிறு முளையில் (pin) ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் லிவர் கடைசிவரை போனாலும் வால்வு முழுதாக மூடாது.

கிடைக்கிறதென்றால் மாடலுக்கான கேபிளையே வாங்குவேன். எதுவானாலும், முதலில் பழைய கேபிளைக் கழற்றிவிட்டு வால்வைக் கையால் திருப்பிப் பாருங்கள். அதுவே இறுகியிருந்தால் புதுக் கம்பியும் மடங்கும். மாட்டும்போது லிவரைக் குளிர் பக்கம் தள்ளி, வால்வை முழுதாக மூடிவிட்டு, அதன் பிறகே உறையின் கிளிப்பை இறுக்குங்கள்.