மாடித்தோட்டத் தொகுப்பு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஆடித் தொடக்கத்தில், மதுரையில் எங்கள் வீட்டருகே உள்ள நாற்றுப்பண்ணை ஒன்றில், ஓரடி அகல வளர்ப்புப் பைகள் பத்து, 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் இரண்டு, மண்புழு உரம், விதைகள் ஆகியவை அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை வாங்கினேன். செம்மண்ணை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொண்டோம்.

பைகள் மிகத் தரமானவை. சாதாரண பாலித்தீன் வெயிலில் விரைவில் நொறுங்கிவிடும். இவை புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்டவை என்பதால், சித்திரை வெயிலைக் கடந்த பிறகும் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

நார்க்கழிவைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. தேங்காய் மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் அந்த உப்பு நார்க்கழிவிலும் தங்கிவிடும். அதைக் கழுவாமலே கட்டியாக அழுத்தியிருக்கிறார்கள் என்பது, முதலில் முளைத்த வெண்டை நாற்றுகள் இலையோரம் கருகி மடிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உடன் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பைகளைக் கொட்டி, நல்ல தண்ணீரில் மும்முறை ஊறவைத்து வடித்து, மீண்டும் விதைத்தேன். வாங்குவோர் கழுவிய கட்டிதானா என்று கேட்டு வாங்குவது நல்லது.

அதன்பின் கிடைத்த பலன் பெரிது. விதைத்த 45ஆம் நாள் முதல் வெண்டை காய்த்தது. எட்டுச் செடிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்துப் பன்னிரண்டு காய்கள் பறித்தோம். ஒரு நாள் தவறினாலும் காய் முற்றி நாராகிவிடும் என்பதால் பறிப்பைத் தள்ளிப்போடவே முடியாது. பறித்த சூட்டோடு வதக்கிய வெண்டைக்காயின் சுவையைச் சந்தைக் காயில் நான் கண்டதில்லை.

தக்காளிக்குப் பெரியகுளம் 1 ரக விதை தந்திருந்தார்கள். நன்றாகவே வளர்ந்தது, ஆனால், ஊருக்குச் சென்ற மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் போனதில் பல காய்களின் அடிப்பகுதி கறுத்து அழுகியது. நீர் சீராகக் கிடைக்காதபோது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததே இதற்குக் காரணம். கோடையில் காலையும் மாலையும் நீரூற்ற வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கத்தரியில் மாவுப்பூச்சி தென்பட்டதும், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்ததில் கட்டுப்பட்டது.

காய்கறிச் செலவைக் குறைக்க எண்ணி இதை வாங்க வேண்டாம். முதலாண்டில் போட்ட பணம் எங்களுக்குத் திரும்பவில்லை. வரும் ஆடியில் இதே பைகளில், வேறிடத்தில் வாங்கிய கழுவிய நார்க்கழிவைக் கலந்து விதைக்கப்போகிறேன்.